ராஸ்பெர்ரி பை சிப்புகளுக்கு கர்னல் கான்ஃபிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்பெர்ரி பை போர்டுகளில் இருக்கும் பிராட்காம் சிப்புகளுக்கு லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, தாங்களே பில்ட் செய்ய இறங்குபவர்களுக்காக இந்தப் பக்கம். கம்பைல் செய்வது சுலபம். கட்டளை கொடுத்துவிட்டு காபி குடிக்கப் போகலாம். கான்ஃபிக் என்பது கர்னலில் எது இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆப்ஷன்களின் தொகுப்பு. அதில் எந்த ஆப்ஷனை எந்தச் சிப்புக்காக ஏன் மாற்றினோம் என்று ஆறு மாதம் கழித்தும் சொல்ல முடிய வேண்டும், அதுதான் கஷ்டம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

நானே கர்னலை பில்ட் செய்யத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஒரு சென்சாரோ டிஸ்ப்ளேயோ வேலை செய்ய வேண்டும் என்றால், அதன் டிரைவர் ஏற்கெனவே மாட்யூலாக (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றிக்கொள்ளும் பகுதியாக) இருக்க வாய்ப்பு அதிகம். பூட் ஆகும்போது படிக்கப்படும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் ஓர் ஓவர்லே வரி (அந்தச் சாதனம் இருப்பதை கர்னலுக்குச் சொல்லும் வரி) சேர்த்தால் முடிந்தது. இப்போது ஓடும் கர்னலில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 'மோட்ப்ரோப் கான்ஃபிக்ஸ்' என்று கொடுத்தால் ப்ராக் ஃபோல்டருக்குள் கான்ஃபிக்.ஜிஇசட் என்ற கோப்பு தோன்றும். கர்னல் எப்படி பில்ட் ஆனது என்பது முழுவதும் அதில் இருக்கும்.

உண்மையில் பில்ட் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. மெமரி பக்க அளவு (கர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் அலகின் அளவு), ப்ரீஎம்ப்ஷன் முறை (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு அவசர வேலைக்கு இடம் கொடுக்கும் முறை) போன்றவற்றை மாட்யூலாகச் சேர்க்க வழியே இல்லை. கர்னலுக்குள்ளேயே முடிவாக வேண்டியவை அவை. இன்னும் மெயின்லைனுக்கு (லினக்ஸின் அதிகாரபூர்வ மூலக் கர்னலுக்கு) வராத பேட்ச் (சோர்ஸ் திருத்தம்) ஒன்றைச் சோதிக்க வேண்டும், அல்லது ஒரு பொருளாக விற்கப்போகும் கருவிக்குத் தேவையற்றதை நீக்க வேண்டும் என்றாலும் பில்ட்தான் வழி.

எந்த போர்டுக்கு எந்த டெஃப்கான்ஃபிக்?

ராஸ்பெர்ரி பை நிறுவனம் பராமரிக்கும் கர்னல் சோர்ஸில் நான்கு டெஃப்கான்ஃபிக் பெயர்கள் முக்கியம். டெஃப்கான்ஃபிக் என்பது ஒரு சிப்புக்கெனத் தயாராகக் கிடைக்கும் தொடக்கக் கான்ஃபிக் கோப்பு.

முதல் பை, பை ஜீரோ, ஜீரோ டபிள்யூ, முதல் கம்ப்யூட் மாட்யூல் ஆகியவற்றில் பிசிஎம்2835 சிப். உள்ளே ஒற்றை ஏஆர்எம்1176 கோர், ஏஆர்எம்வி6 வகை. இதற்கு 'பிசிஎம்ஆர்பிஐ_டெஃப்கான்ஃபிக்'. வெளிவரும் கோப்பை கர்னல்.ஐஎம்ஜி என்ற பெயரில் வைக்க வேண்டும்.

பை 2, பை 3, ஜீரோ 2 டபிள்யூ ஆகியவற்றை 32 பிட்டில் ஓட்டுவதானால் 'பிசிஎம்2709_டெஃப்கான்ஃபிக்'; கோப்பின் பெயர் கர்னல்7.ஐஎம்ஜி.

பை 4, பை 400, கம்ப்யூட் மாட்யூல் 4 ஆகியவற்றுக்கு 'பிசிஎம்2711_டெஃப்கான்ஃபிக்'. இந்தப் பெயரில் இரண்டு கோப்புகள் உண்டு என்பதைக் கவனியுங்கள். 32 பிட் ஏஆர்எம் ஃபோல்டரில் ஒன்று, 64 பிட் ஏஆர்எம்64 ஃபோல்டரில் இன்னொன்று. 32 பிட்டில் கர்னல்7எல்.ஐஎம்ஜி கிடைக்கும், 64 பிட்டில் கர்னல்8.ஐஎம்ஜி. பை 3, ஜீரோ 2 டபிள்யூ போர்டுகளை 64 பிட்டில் ஓட்டவும் இதே கர்னல்8 தான். அவற்றுக்கென்று தனி 64 பிட் டெஃப்கான்ஃபிக்கைத் தேடி அலைய வேண்டாம்.

பை 5, பை 500, கம்ப்யூட் மாட்யூல் 5 ஆகியவற்றில் பிசிஎம்2712. 'பிசிஎம்2712_டெஃப்கான்ஃபிக்' கொடுத்து, கர்னல்_2712.ஐஎம்ஜி என்று வைக்க வேண்டும். பை 5-க்கு 32 பிட் கர்னல் கிடையாது. அதில் உள்ள கார்டெக்ஸ் ஏ76 கோர் 32 பிட் நிரல்களை யூசர் நிலையில் மட்டுமே ஓட்டும். கர்னல் நிலையில் 64 பிட் மட்டும்தான்.

கர்னல்7எல் என்பதில் உள்ள 'எல்' எல்பிஏஈ வசதியைக் குறிக்கிறது. 32 பிட் கர்னல் 4 ஜிபிக்கு மேல் உள்ள மெமரியைத் தொட உதவும் ஏற்பாடு அது. அதனால் 8 ஜிபி பை 4 போர்டில் 32 பிட் கர்னலும் மொத்த மெமரியையும் பயன்படுத்தும். ஆனால் ஒரு தனி நிரலுக்கு 3 ஜிபிக்கு மேல் கிடைக்காது.

பை 3-இல் இருப்பது 2837 என்கிறார்கள், கர்னலில் 2709, 2710 என்று வருகிறதே?

எல்லோரும் ஒருமுறையாவது குழம்பும் இடம் இது. 2708, 2709, 2710 என்பவை சிலிக்கான் குடும்பத்துக்கான எண்கள். 2835, 2836, 2837 என்பவை அந்தந்தச் சிப்புக்கான எண்கள். 2835 வருவது 2708 குடும்பத்திலிருந்து, 2836 வருவது 2709-இலிருந்து, 2837 வருவது 2710-இலிருந்து.

ராஸ்பெர்ரி பை கர்னல் சோர்ஸ் குடும்ப எண்ணைப் பிடித்துக்கொண்டது, மெயின்லைன் லினக்ஸ் சிப் எண்ணைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் பை 3-இன் டிவைஸ் ட்ரீ கோப்பு (போர்டில் உள்ள சாதனங்களின் விவரப் பட்டியல்) ஓர் இடத்தில் 'பிசிஎம்2710-ஆர்பிஐ-3-பி' என்றும் இன்னோர் இடத்தில் 'பிசிஎம்2837-ஆர்பிஐ-3-பி' என்றும் இருக்கிறது. பை 4-இலிருந்து இந்தத் தொல்லை இல்லை. இரு பக்கமும் 2711 என்றே சொல்கிறார்கள்.

இன்னொரு பொறி: பை 2 போர்டின் 1.2 பதிப்பில் இருப்பது 2836 இல்லை, 2837. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பை 2 தான், ஆனால் 1.2 பதிப்பு 64 பிட் கர்னலை ஓட்டும், 1.1 ஓட்டாது. பழைய போர்டை வாங்கியவர்கள் போர்டில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

எல்லா போர்டுக்கும் ஒரே கர்னல் செய்ய முடியாதா?

64 பிட்டில் ஏறக்குறைய முடியும். கர்னல்8.ஐஎம்ஜி பை 3-இலிருந்து பை 5 வரை பூட் ஆகும். எந்தப் போர்டில் எந்த முகவரியில் என்ன சாதனம் இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ சொல்லிவிடுவதால், கர்னலுக்குள் அதைப் பதிக்க வேண்டியதில்லை.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7 வரைக்கும், 32 பிட் ஏஆர்எம் உலகில் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் தனித்தனி கர்னல்தான். ஒவ்வொரு குடும்பமும் தன் முகவரிகளையும் இன்டரப்ட் எண்களையும் தனக்கென்று ஒரே பெயருள்ள ஹெடர் கோப்புகளில் எழுதி வைத்திருந்ததால், இரண்டு குடும்பங்களைச் சேர்த்து கம்பைல் செய்யவே இயலாது. 3.7-இல்தான் மல்டிபிளாட்ஃபார்ம் ஆதரவு வந்தது. 64 பிட் ஏஆர்எம் ஆதரவு நுழைந்ததும் அதே பதிப்பில்தான். இன்று கான்ஃபிக் எழுதும்போது போர்டு விவரம் எதையும் நாம் தொடுவதில்லை என்றால், அந்தப் பல வருட உழைப்பே காரணம்.

ஏஆர்எம்வி6 மட்டும் ஒதுங்கி நிற்கிறது. மெமரி பேரியர் என்று ஒன்று உண்டு: மெமரியில் எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் நடக்க வைக்கும் கட்டளை. ஏஆர்எம்வி7-இல் அதற்கென்று டிஎம்பி, டிஎஸ்பி என்ற தனிக் கட்டளைகள் இருக்கின்றன. ஏஆர்எம்வி6-இல் அவை இல்லை. கோபிராசஸர் வழியாகச் செய்ய வேண்டும். ஏஆர்எம்வி7-க்கென்று கம்பைல் செய்த கர்னலை பை ஜீரோவில் போட்டால், அப்படி ஒரு கட்டளை வந்ததும் அதற்குப் புரியாது, அங்கேயே நின்றுவிடும். பழைய பை ஜீரோவுக்குத் தனி பில்ட் வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

என் மாற்றங்களை எப்படிச் சேமித்து வைப்பது? புள்ளி கான்ஃபிக் (.config) கோப்பை காப்பி எடுத்து வைத்தால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பில்ட் ஃபோல்டரில் உருவாகும் புள்ளி கான்ஃபிக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். அவற்றில் நீங்கள் எடுத்த முடிவு ஐந்தோ பத்தோதான். மீதியெல்லாம் டெஃப்கான்ஃபிக் சொன்னது, அல்லது ஆப்ஷன்களை நிர்வகிக்கும் கேகான்ஃபிக் அமைப்பு தானாக நிரப்பிய இயல்பு மதிப்பு. முழுக் கோப்பையும் சேமித்தால் உங்கள் ஐந்து முடிவுகள் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். அடுத்த பதிப்புக்குப் போகும்போது எது உங்களுடையது, எது பழைய இயல்பு மதிப்பு என்று யாருக்கும் தெரியாது.

சரியான வழி, உங்கள் மாற்றங்களை மட்டும் ஒரு சிறு துண்டுக் கோப்பில் எழுதுவது. கர்னல் உலகில் இதை ஃபிராக்மென்ட் என்பார்கள். ஏஆர்எம்64-இன் கான்ஃபிக்ஸ் ஃபோல்டருக்குள் 'என்னுடையது.கான்ஃபிக்' என்பதுபோல ஒரு கோப்பை வைத்துவிட்டு, பில்டை நடத்தும் மேக் கட்டளையில் டெஃப்கான்ஃபிக் பெயரையும் அதன் பின்னால் உங்கள் கோப்பின் பெயரையும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். துண்டுகளை வேறு இடத்தில் வைத்திருந்தால், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரின் கேகான்ஃபிக் பகுதியில் இருக்கும் 'மெர்ஜ்_கான்ஃபிக்' ஸ்கிரிப்டைப் பயன்படுத்துங்கள்.

துண்டுகளை நோக்கம் பார்த்துப் பிரிப்பது என் வழக்கம். ரியல்டைம் தேவைக்கு (குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய வேலைக்கு) ஒன்று, நெட்வொர்க் பூட்டுக்கு ஒன்று, டீபக் வசதிக்கு ஒன்று. பை 4-க்கும் பை 5-க்கும் ஒரே துண்டு செல்லும். அடியில் உள்ள டெஃப்கான்ஃபிக் மட்டும் மாறும். ஒவ்வொரு வரிக்கும் மேலே ஏன் என்று ஒரு குறிப்பு எழுதி கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருளில்) சேர்த்துவிடுங்கள்.

குறிப்பு எழுதும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். கான்ஃபிக் கோப்பில் # குறியுடன் தொடங்கும் வரி பொதுவாகக் குறிப்புரைதான். ஆனால் ஓர் ஆப்ஷனின் பெயரை எழுதி 'இஸ் நாட் செட்' என்று முடிக்கும் வரி மட்டும் குறிப்புரை இல்லை. அந்த ஆப்ஷனை அணைக்கச் சொல்லும் உண்மையான கட்டளை அது. பார்க்க வெட்டியாக இருக்கிறதே என்று அந்த வரியை அழித்தால், அணைத்த ஆப்ஷன் மறுபடி உயிர்பெறும்.

மெனுகான்ஃபிக்கில் (ஆப்ஷன்களை மெனுவாகக் காட்டி மாற்ற விடும் கருவியில்) விளையாடிப் பார்த்துவிட்டு, அதிலிருந்து துண்டு எடுக்க வேண்டுமா? மாற்றுவதற்கு முன் கோப்பைத் தனியே எடுத்து வைத்து, மாற்றிய பிறகு 'டிஃப்கான்ஃபிக்' ஸ்கிரிப்டிடம் இரண்டையும் கொடுங்கள். மாறிய ஆப்ஷன்களை மட்டும் காட்டும். அதில் நீங்கள் நினைத்து மாற்றியவற்றை மட்டும் துண்டில் எழுதுங்கள். அவற்றின் விளைவாகத் தானாக மாறியவற்றை எழுத வேண்டாம்.

டெஃப்கான்ஃபிக் கோப்பே இன்று சிறியதாக இருப்பதற்கும் ஒரு கதை உண்டு. 2010-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஏஆர்எம் டெஃப்கான்ஃபிக் கோப்புகள் கர்னல் சோர்ஸில் குப்பையாகப் பெருகுகின்றன என்று கடுமையாகக் கண்டித்தார். அப்போது அவையெல்லாம் முழு நீளக் கோப்புகள். அதன் பிறகுதான் 'சேவ்டெஃப்கான்ஃபிக்' வந்தது. இயல்பு மதிப்பிலிருந்து வேறுபடும் வரிகளை மட்டும் எழுதும் கட்டளை அது. வித்தியாசத்தை மட்டும் வை என்ற அந்தப் பாடம்தான் நம் துண்டுக் கோப்புக்கும் பொருந்துகிறது.

நான் துண்டில் எழுதிய ஆப்ஷன் இறுதிக் கோப்பில் இல்லை. பிழையும் வரவில்லை. ஏன்?

கேகான்ஃபிக் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஓர் ஆப்ஷனின் சார்பு நிறைவேறாவிட்டால், அதைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். கம்பைல் நன்றாக முடியும், கர்னல் பூட் ஆகும், நீங்கள் கேட்டது மட்டும் இருக்காது.

நெட்வொர்க் வழியாக ரூட் ஃபைல்சிஸ்டத்தை (ஓஎஸ் கோப்புகள் இருக்கும் முதன்மை ஃபைல்சிஸ்டத்தை) ஏற்றும் ரூட் என்எஃப்எஸ் ஆப்ஷன் நல்ல உதாரணம். என்எஃப்எஸ் என்பது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை. அது இரண்டு நிபந்தனை போடுகிறது: ஐபி முகவரியை கர்னலே அமைக்கும் ஐபி பிஎன்பி வேண்டும், என்எஃப்எஸ் கிளையன்ட் கர்னலுக்குள்ளேயே 'ஒய்' என்று இருக்க வேண்டும். என்எஃப்எஸ் மாட்யூலாக 'எம்' என்று இருந்தால், ரூட் என்எஃப்எஸ் மெனுவிலேயே தெரியாது. ஆப்ஷனையே நீக்கிவிட்டார்கள் போல என்று நினைத்துவிடுவோம், அது அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கண்டுபிடிக்க, மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி ஆப்ஷன் பெயரைத் தேடுங்கள். எதையெல்லாம் சார்ந்திருக்கிறது, அவற்றின் இப்போதைய மதிப்பு என்ன, எந்த மெனுவில் இருக்கிறது என்று எல்லாம் வரும். சார்பு 'எம்' என்றால், அதைச் சார்ந்த டிரைவரை 'ஒய்' ஆக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாட்யூல் ஏறுவதற்கு முன் கர்னலுக்குள் இருப்பது அதை நம்பி நிற்க முடியாதல்லவா?

மெர்ஜ் ஸ்கிரிப்ட் இந்த இடத்தில் நமக்கு நண்பன். நீங்கள் கேட்ட மதிப்பு இறுதிக் கோப்பில் இல்லை என்றால் எச்சரிக்கை வரி ஒன்றை அச்சிடும். திரையில் ஓடும் வரிகளுக்கு நடுவே அது ஓடிப்போய்விடும். தானியங்கி பில்ட் வைத்திருப்பவர்கள் அந்த எச்சரிக்கை வந்தால் பில்டையே நிறுத்தும்படி எழுதுங்கள். இதைவிடப் பயனுள்ள ஒற்றைச் சோதனை எனக்குத் தெரியாது.

எதை உள்ளே வைப்பது, எதை மாட்யூலாக விடுவது?

ரூட் ஃபைல்சிஸ்டத்தை எட்டுவதற்குத் தேவையானவை உள்ளே, மற்றதெல்லாம் மாட்யூல். இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் ஏறும் முன் மெமரியில் தற்காலிகமாக ஏறும் சிறு ஃபைல்சிஸ்டம்) பயன்படுத்தினால் இந்த விதி தளர்கிறது. ஆனால் எம்பெடெட் வேலையில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

ரூட்டை எட்டும் வழி போர்டுக்குப் போர்டு மாறும், அதில்தான் சிக்கல். பை 4-இல் எஸ்டி கார்டைப் பேச வைப்பது எஸ்டிஎச்சிஐ ஐபிராக் டிரைவர். பை 5-இல் எஸ்டிஎச்சிஐ பிஆர்சிஎம்எஸ்டிபி. நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டால் இன்னும் வித்தியாசம். பை 3-இல் ஈதர்நெட் யுஎஸ்பி வழியாக வருகிறது, எஸ்எம்எஸ்சி95எக்ஸ்எக்ஸ் டிரைவர் வேண்டும். 3பி பிளஸில் சிப் மாறி லேன்78எக்ஸ்எக்ஸ் ஆகிவிட்டது. பை 4-இல் சிப்புக்குள்ளேயே ஜெனெட் என்ற ஈதர்நெட். பை 5-இல் ஆர்பி1 என்ற தனி சிப்புக்குள் கேடன்ஸ் நிறுவன வடிவமைப்பு, டிரைவர் பெயர் மேக்ப். அந்த ஆர்பி1 பிசிஐஈ வழியாக இணைகிறது, எனவே பிசிஐஈ டிரைவரும் உள்ளே இருக்க வேண்டும். நெட்வொர்க் பூட் செய்யும் ஒரே துண்டு நான்கு போர்டுக்கும் வேலை செய்ய வேண்டும் என்றால் இந்த நான்கையும் 'ஒய்' ஆக்குங்கள். சில நூறு கிலோபைட்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பிசியில் கிராஸ் கம்பைல் (வேறு வகைச் சிப்புக்கான கம்பைல்) செய்கிறேன். மெனுகான்ஃபிக் திறந்தால் இன்டெல் ஆப்ஷன்கள் வருகின்றன!

எந்தச் சிப் வகைக்கு பில்ட் என்று சொல்லும் ஆர்ச் மாறியைக் கொடுக்க விட்டிருப்பீர்கள். டெஃப்கான்ஃபிக் கட்டளைக்குக் கொடுத்துவிட்டு மெனுகான்ஃபிக்குக்குக் கொடுக்காமல் விடுவது சகஜம். அப்படி விட்டால் மேக் உங்கள் பிசியின் கட்டமைப்பையே எடுத்துக்கொண்டு கோப்பை எக்ஸ்86-க்கு மாற்றி எழுதிவிடும். சேமித்துவிட்டீர்கள் என்றால் அந்தக் கோப்பைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்; டெஃப்கான்ஃபிக்கும் துண்டும் கொடுத்து மறுபடி உருவாக்குங்கள். துண்டு வைத்திருந்தால் அரை நிமிட வேலை.

ஆர்ச், கிராஸ்_கம்பைல் (எந்தக் கம்பைலர் என்று சொல்லும் மாறி) இரண்டையும் ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்து வைக்கலாம், அல்லது எல்லாக் கட்டளையையும் ஒரு சிறு ஸ்கிரிப்டுக்குள் அடைக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. 32 பிட்டும் 64 பிட்டும் மாறி மாறிச் செய்பவர்களுக்கு எக்ஸ்போர்ட் ஆபத்து. எந்த டெர்மினலில் எது இருக்கிறது என்று மறந்துபோகும்.

அப்புறம், ஒவ்வொரு போர்டு வகைக்கும் 'ஓ' மாறியில் தனி பில்ட் ஃபோல்டர் கொடுங்கள். ஒரே சோர்ஸ், நான்கு பில்ட் ஃபோல்டர். ஒன்றை மாற்றினால் மற்றவை முழுதாக மறுபடி கம்பைல் ஆகாது. முன்பு சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே பில்ட் செய்திருந்தால், முதலில் 'எம்ஆர்ப்ராப்பர்' கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அது உள்ளே இருக்கும் கான்ஃபிக் கோப்பையும் அழித்துவிடும்.

பை 4-இல் 32 பிட் ஓஎஸ்தான் வைத்திருக்கிறேன். போர்டிலேயே கம்பைல் செய்தால் கம்பைலர் தெரியாத ஆப்ஷன் என்கிறதே?

2023-இலிருந்து பை 4-இன் ஃபர்ம்வேர் (கர்னலை ஏற்றிவிடும், போர்டின் சொந்த மென்பொருள்), ஓஎஸ் 32 பிட்டாக இருந்தாலும் 64 பிட் கர்னலையே இயல்பாக ஏற்றுகிறது. 'யுநேம் -எம்' கொடுத்தால் ஏஆர்ச்64 என்று வரும். கர்னலின் மேக்ஃபைல் அதை நம்பி 64 பிட் பில்ட் என்று முடிவுசெய்கிறது. ஆனால் நிறுவியிருக்கும் ஜிசிசி கம்பைலர் 32 பிட். இரண்டும் ஒத்துப்போகாது.

32 பிட் கர்னலே போதும் என்றால், கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் 'ஆர்ம்_64பிட்' மதிப்பை 0 ஆக்கி ரீபூட் செய்யுங்கள். 64 பிட் கர்னல்தான் வேண்டும் என்றால் ஏஆர்ச்64 கிராஸ் கம்பைலரை அந்த 32 பிட் ஓஎஸ்ஸிலேயே நிறுவி, கிராஸ்_கம்பைல் கொடுங்கள்.

பை 5-இல் சில நிரல்கள் என் கர்னலில் மட்டும் விழுகின்றன. பக்க அளவுதான் காரணமா?

இருக்கலாம். பிசிஎம்2712 டெஃப்கான்ஃபிக் மெமரி பக்க அளவை 16 கேபி என்று வைக்கிறது. மற்ற பை கர்னல்களில் 4 கேபி. பெரிய பக்கம் வேகத்துக்கு நல்லது. ஆனால் பக்கம் என்றால் 4 கேபிதான் என்று தனக்குள் எழுதிவைத்துக்கொண்ட நிரல்களும், 4 கேபி எல்லையில் இணைக்கப்பட்ட பழைய 32 பிட் லைப்ரரிகளும் அதில் ஓடாது. ஜெமல்லாக் என்ற மெமரி லைப்ரரியை 4 கேபி போர்டில் கம்பைல் செய்து இங்கே கொண்டுவந்தால் தொடங்கும்போதே நின்றுவிடும்.

சோதிக்க மறுபடி பில்ட் தேவையில்லை. கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் கர்னல்8.ஐஎம்ஜியைப் பயன்படுத்தச் சொல்லி ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்யுங்கள். பிரச்சினை போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. நிரலைச் சரிசெய்யும் வரை 4 கேபி கர்னலில் இருப்பதில் தவறொன்றும் இல்லை.

'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மாட்' என்று வருகிறது.

மாட்யூலுக்குள் எந்த கர்னலுக்காக கம்பைல் ஆனது என்ற முத்திரை இருக்கும், அதன் பெயர் வெர்மேஜிக். ஓடும் கர்னலின் பதிப்புச் சரமும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் பொதுவாக ஏறாது. 'மோட்இன்ஃபோ' கொடுத்து 'யுநேம் -ஆர்' உடன் ஒப்பிடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் டெஃப்கான்ஃபிக்குகளே பின்னொட்டை வைத்திருக்கின்றன: வி7, வி7எல், வி8, வி8-16கே என்று. லோக்கல்வெர்ஷன் ஆப்ஷனில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அப்போது உங்கள் மாட்யூல்கள் தனி ஃபோல்டரில் போய் உட்காரும், ஓஎஸ் கொடுத்த மாட்யூல்களை அழிக்காது. லோக்கல்வெர்ஷன் ஆட்டோ என்ற ஆப்ஷன் கிட் கமிட் எண்ணையும் ஒட்டிவிடும். வளர்ச்சி நிலையில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஃபோல்டர் மாறுவது எரிச்சல் தரும் என்பதால் நான் அதை அணைத்துவிடுவேன். வெளியீட்டுக்குப் போகும்போது இயக்குவேன்.

கர்னலைச் சுருக்க நல்ல வழி எது?

'லோக்கல்மோட்கான்ஃபிக்'. ஓடும் போர்டில் 'எல்எஸ்மோட்' கட்டளை தரும் பட்டியலைக் கோப்பாக எடுத்து பிசிக்குக் கொண்டுவந்து கொடுத்தால், அதில் இல்லாத மாட்யூல்களை அணைத்துவிடும். பட்டியல் எடுக்கும்போது கருவியுடன் வரக்கூடிய எல்லாவற்றையும் செருகியிருக்க வேண்டும். வைஃபை டாங்கிளைச் செருகாமல் எடுத்தால் அதன் டிரைவர் போய்விடும்.

மாட்யூல் ஃபோல்டர் மட்டும் பெருத்துவிட்டது என்றால் டீபக் தகவல்தான் காரணமாக இருக்கும். நிறுவும்போது 'இன்ஸ்டால்_மோட்_ஸ்ட்ரிப்' மதிப்பை 1 என்று கொடுங்கள். டீபக் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக வெட்டுவதில் நேரம் செலவிட வேண்டாம்.

ரியல்டைம் கர்னல் வேண்டும். பேட்ச் போட வேண்டுமா?

6.12-இலிருந்து வேண்டாம். இருபது வருடமாகத் தனிப் பேட்சாக வாழ்ந்த ப்ரீஎம்ப்ட் ஆர்டி, 2024 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பில் மெயின்லைனில் சேர்ந்தது. எக்ஸ்86, ஏஆர்எம்64, ரிஸ்க்-வி மூன்றுக்கும்தான். 32 பிட் ஏஆர்எம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே பை 3, 4, 5 போர்டுகளை 64 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டில் ப்ரீஎம்ப்ட் ஆர்டி வரியை மட்டும் எழுதினால் போதாமல் போகலாம். அது எக்ஸ்பர்ட் என்ற ஆப்ஷனைச் சார்ந்தது. அதையும் 'ஒய்' என்று எழுதுங்கள். பூட் ஆனதும் 'யுநேம் -வி' கொடுத்தால் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முன்பு சொன்ன சத்தமில்லாத கைவிடல்தான் நடந்திருக்கிறது.

புதிய கர்னலைப் போட்டேன், பூட் ஆகவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் போர்டின் பச்சை விளக்கைப் பாருங்கள். ஏழு முறை மின்னினால் ஃபர்ம்வேருக்கு கர்னல் கோப்பே கிடைக்கவில்லை என்று பொருள். பெயரோ இடமோ தவறு. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஓஎஸ்ஸிலிருந்து பூட் பகுதி 'பூட்/ஃபர்ம்வேர்' ஃபோல்டரில் ஏறுகிறது. பழைய குறிப்புகளைப் பார்த்து 'பூட்' ஃபோல்டரிலேயே காப்பி செய்தவர்கள் பலர்.

விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்றால் சீரியல் கன்சோல் (கர்னலின் செய்திகளை கேபிள் வழியாகப் பிசியில் காட்டும் வழி) இல்லாமல் மேலே போகாதீர்கள். 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிள், ஜிபிஐஓ 14, 15, ஒரு கிரவுண்ட், கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் 'எனேபிள்_யுஆர்ட்' மதிப்பு 1, வேகம் 115200. பை 5-இல் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டுகளுக்கு நடுவே இதற்கென்றே மூன்று பின் இணைப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கன்சோலில் ரூட் சாதனத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி அப்படியே நின்றால், எஸ்டி கார்டு டிரைவர் உள்ளே இல்லை. பேனிக் ஆகி (மீள முடியாத பிழையால் கர்னல் நின்று), தெரியாத பிளாக் என்று சொல்லி அடைப்புக்குள் 179,2 என்று காட்டினால் நிலைமை வேறு. 179 என்பது எம்எம்சி சாதனத்தின் எண், 2 என்பது இரண்டாவது பார்ட்டிஷன். அதாவது கார்டு தெரிந்துவிட்டது, அதில் உள்ள ஃபைல்சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை. ஈஎக்ஸ்டி4 உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதித் தேடல் குறையும்.

ஓஎஸ் கொடுத்த கர்னல் கோப்பின் மீது உங்களுடையதை எழுதாதீர்கள். வேறு பெயரில் வைத்து, கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் 'கர்னல்' வரியால் சுட்டுங்கள். தொலைவில் இருக்கும் போர்டு என்றால் ட்ரைபூட் வசதி கைகொடுக்கும். ட்ரைபூட்.டிஎக்ஸ்டி என்ற கோப்பில் புதிய கர்னலைச் சுட்டிவிட்டு, 'ரீபூட்' கட்டளையுடன் '0 ட்ரைபூட்' என்று கொடுத்தால் அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் அந்தக் கோப்பு செல்லும். தோற்றால் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள், பழைய கர்னல் வந்துவிடும்.

மெயின்லைன் கர்னலையே பயன்படுத்தலாமா?

திரை இணைக்காத சர்வர் வேலைக்கு, பை 3-க்கும் பை 4-க்கும் தாராளமாக. 64 பிட்டில் பொதுவான 'டெஃப்கான்ஃபிக்' போதும். கேமரா, ஓவர்லேக்கள், புதிய போர்டின் எல்லா வசதிகளும் வேண்டும் என்றால் ராஸ்பெர்ரி பை நிறுவனம் பராமரிக்கும் கர்னல் சோர்ஸிலேயே இருங்கள்.

புதிய கர்னல் பதிப்புக்கு மாறும்போது கான்ஃபிக்கை என்ன செய்வது?

பழைய முழுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புதிய சோர்ஸின் டெஃப்கான்ஃபிக்கை எடுங்கள், உங்கள் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மெர்ஜ் எச்சரிக்கைகளைப் படியுங்கள். ஆப்ஷன் பெயர் மாறியிருந்தாலோ நீக்கப்பட்டிருந்தாலோ அங்கே தெரிந்துவிடும்.

முழுக் கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' புதிய கேள்விகளுக்கு இயல்பு மதிப்பைப் போட்டுவிடும். அதற்கு முன் 'லிஸ்ட்நியூகான்ஃபிக்' கொடுத்து என்னென்ன புதிதாக வந்திருக்கின்றன என்று ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். பழைய டெஃப்கான்ஃபிக்கில் இருந்து விரிந்த கோப்புடன் டிஃப்கான்ஃபிக் ஓட்டி, உங்கள் பழைய முடிவுகளைத் தோண்டியெடுத்துத் துண்டாக்கிவிடவும் இதுவே நல்ல சந்தர்ப்பம்.

கருவியை விற்கிறேன். கான்ஃபிக் கோப்பையும் கொடுக்க வேண்டுமா?

ஆம். கர்னல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. அந்த உரிமம் முழுச் சோர்ஸ் என்று சொல்லும்போது, கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் பேட்ச்கள், துண்டுக் கோப்புகள், எந்த டெஃப்கான்ஃபிக்கின் மேல் எந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்ற ஸ்கிரிப்ட், கம்பைலர் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே கிட் களஞ்சியத்தில் வைத்து, வெளியீட்டுக்கு ஒரு டேக் போட்டுவிடுங்கள். வாங்கியவர் கேட்டால் அந்த டேகைக் கொடுக்கலாம்.